தலைச்சுமைக்குக் கூலி உண்டு, வேலை மட்டும் சுழியா?

வாசகர் கேள்வி-பதில்: வேலை, ஆற்றல், திறன்

கணக்கு வரும் இடங்களில் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்திருக்கிறோம். ஒரு ஜூல் என்பது ஒரு நியூட்டன் விசை ஒரு மீட்டர் தூரம் தள்ளிய கணக்கு. ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். இந்த இரண்டும் மனதில் இருந்தால் மற்றதெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

கேள்வி: 50 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கோயம்பேடு சந்தையில் 100 மீட்டர் நடக்கிறார் ஒரு தொழிலாளி. அவர் செய்த வேலை சுழி என்கிறது பாடம். வியர்வை கொட்ட நடப்பவர் வேலையே செய்யவில்லை என்பதை எப்படி ஏற்பது?
(பள்ளி மாணவி, விருத்தாசலம்)

பதில்: பாடம் சொல்வது சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறது. இயற்பியலில் 'வேலை' என்று சொன்னதுமே மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்த விசை செய்தது, எந்தப் பொருள் மீது செய்தது, அந்த விசையின் திசையில் பொருள் எவ்வளவு நகர்ந்தது? தலை மூட்டையை மேல்நோக்கித் தாங்குகிறது. மூட்டை போவதோ கிடைமட்டமாக. விசைக்கும் நகர்வுக்கும் இடையே 90 டிகிரி. ஆகவே அந்தத் தாங்கு விசை மூட்டையின் மீது செய்த வேலை சுழி. அவ்வளவுதான் பாடத்தின் வாக்கியம். அந்த மனிதரின் உடல் ஆற்றல் எதுவும் செலவழிக்கவில்லை என்று அது சொல்லவே இல்லை.

மூட்டையின் கணக்கை முதலில் முடிப்போம். தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும்போது 50 × 9.8 × 1.6 = 784 ஜூல். நின்ற இடத்திலிருந்து நொடிக்கு 1.2 மீட்டர் வேகம் பிடிக்க 36 ஜூல். நிற்கும்போது அந்த 36-ஐ உடல் திரும்ப வாங்கிக்கொள்கிறது, மூட்டைக்கு அது எதிர்மறை வேலை. நடக்கும்போது தலை ஒவ்வோர் அடிக்கும் சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. ஏறும்போது கொடுத்த வேலை இறங்கும்போது கழிந்துவிடுகிறது.

இனி உடலின் கணக்கு. மேசை மேல் மூட்டையை வைத்தால் மேசை ஆண்டுக்கணக்கில் தாங்கும், ஒரு ஜூலும் கேட்காது. தசை அப்படிப்பட்டதல்ல. தசைநாருக்குள் மயோசின் என்ற புரத இழை ஆக்டின் என்ற இழையைப் பிடிக்கிறது, இழுக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒவ்வொரு பிடிப்புக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. வெளியே பார்த்தால் கழுத்து அசையவில்லை. உள்ளே கோடிக்கணக்கான சிறு இழுப்புகள் நடக்கின்றன. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது, வெப்பத்தை வெளியேற்ற வியர்க்கிறது. மூட்டைக்கு ஒரு ஜூலும் சேராத நேரத்திலும் சோற்றில் வந்த ஆற்றல் கரைந்துகொண்டே இருக்கிறது. தொழிலாளி கூலி கேட்பது இப்படிக் கரையும் ஆற்றலுக்கு. நியாயமான கூலிதான்.

தேர்வில் "வேலை சுழி" என்று மொட்டையாக எழுத வேண்டாம். "புவியீர்ப்பு விசைக்கு எதிராக மூட்டையின் மீது செய்த வேலை சுழி" என்று எழுதுங்கள். அந்த ஐந்தாறு சொல்லைச் சேர்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் நூல்களில் சக்தி, வலு என்று படித்தோம். தமிழ்நாட்டுக் காணொளிகளில் ஆற்றல், திறன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?
(உயர்தர மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: ஒன்றுதான். உங்கள் 'சக்தி' இங்கே 'ஆற்றல்', ஜூலில் அளப்பது. உங்கள் 'வலு' இங்கே 'திறன்', வாட்டில் அளப்பது. நீங்கள் குதிரைவலு என்பதை நாங்கள் குதிரைத்திறன் என்கிறோம். 'வேலை', 'விசை' இரண்டும் இரு கரையிலும் மாறவில்லை. வழுக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் 'வினைத்திறன்' என்பது, கொடுத்ததில் எத்தனை விழுக்காடு பயனாகிறது என்ற விகிதம். அதில் 'திறன்' ஒட்டிக்கொண்டிருப்பதால் இங்குள்ளவர்கள் அதை வாட்டில் அளப்பது என்று நினைத்துவிடுவார்கள். இங்கே அதற்குப் பயனுறுதிறன் என்று பெயர். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களும் ஒழுங்கில்லை. சூரிய சக்தி, மின்திறன், மின்னாற்றல் எல்லாம் ஒரே பத்தியில் வரும். சொல்லை நம்பாமல் பக்கத்தில் நிற்கும் அலகைப் பாருங்கள்.

கேள்வி: மாடிப்படியில் ஓடினாலும் நடந்தாலும் வேலை ஒன்றுதான் என்கிறார்கள். என் திறன் எத்தனை வாட் என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?
(வாசகர், சிவகாசி)

பதில்: தாராளமாக. எடை பார்க்கும் கருவி, அளவு நாடா, கைப்பேசியின் நிறுத்து கடிகாரம் போதும். ஒரு படியின் உயரத்தை நேர்குத்தாக அளந்து படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 17 செ.மீ. உயரப் படிகள் 60 என்றால் 10.2 மீட்டர். உங்கள் எடை 60 கிலோ என்றால் வேலை 60 × 9.8 × 10.2, ஏறத்தாழ 6,000 ஜூல். ஒரு நிமிடத்தில் ஏறினால் 100 வாட். 12 நொடியில் ஓடி ஏறினால் 500 வாட், ஒரு குதிரைத்திறனில் (746 வாட்) மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அதே ஓட்டத்தை ஐந்து நிமிடம் தொடரச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் உட்கார்ந்துவிடுவோம்.

விடை தவறுவது பெரும்பாலும் மூன்று வழிகளில். படிக்கட்டின் சாய்வு நீளத்தை அளப்பது முதலாவது. புவியீர்ப்புக்கு எதிரான கணக்கில் நேர் உயரம் மட்டுமே சேரும். கைப்பிடிச் சுவரைப் பிடித்து இழுத்து ஏறினால் வேலை குறைந்துவிடும் என்று நினைப்பது அடுத்தது. கால் செய்ததைக் கை பகிர்ந்துகொள்கிறது, மொத்தம் மாறாது. மூன்றாவது, ஓடத் தொடங்கிய பிறகு கடிகாரத்தை அழுத்துவது. 12 நொடி அளவில் ஒரு நொடி பிசகினாலே 8 விழுக்காடு பிழை. இன்னொருவரை அழுத்தச் சொல்லுங்கள்.

இந்த 6,000 ஜூல் உணவுக் கணக்கில் வெறும் 1.4 கிலோகலோரி. தசையின் பயனுறுதிறன் 20 முதல் 25 விழுக்காடு என்பதால் உடல் உண்மையில் செலவழிப்பது 6 அல்லது 7. இட்லி ஒன்றுக்கு ஏறத்தாழ 50 என்று வைத்துக்கொண்டாலும் ஒரே ஒரு இட்லியைக் கரைக்க ஏழெட்டு முறை ஏற வேண்டும். படியேறி இளைக்க நினைப்பவர்களுக்கு இது பிடிக்காத கணக்கு.

கேள்வி: கிணற்று நீரை மாடு பூட்டி இறைத்த அந்தக் காலக் கமலை இறைப்பில் மாடுகள் சரிவில் இறங்கிப் போய்த்தானே இழுத்தன? சமதரையில் இழுத்தால் என்ன? சரிவில் விட்டதால் ஆற்றல் மிச்சமானதா?
(விவசாயி, உடுமலைப்பேட்டை)

பதில்: மிச்சமாகவில்லை. ஆனால் அந்தச் சரிவு வெட்டியவர்கள் செய்தது சாதாரணக் காரியமில்லை. சாலில் (நீர் அள்ளும் பெரிய கலத்தில்) 150 லிட்டர் நீர், 8 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நீரை மேலேற்ற 150 × 9.8 × 8 = 11,760 ஜூல் வேண்டும். சமதரை என்றால் இரண்டு மாடுகளும் இந்த வேலை முழுவதையும் இழுக்கும் நடையிலேயே செய்தாக வேண்டும். வடத்தில் 1,470 நியூட்டன் இழுவை. திரும்பும் நடையோ வெறும் நடை.

இப்போது அந்த 8 மீட்டர் தடத்தில் ஒரு மீட்டர் இறக்கம் வையுங்கள். ஜோடி மாட்டின் எடை 700 கிலோ என்றால், இறங்கும்போது மாடுகளின் சொந்த எடையே 700 × 9.8 × 1 = 6,860 ஜூல் கொடுத்துவிடுகிறது. நீர் கேட்டதில் பாதிக்கு மேல் அதிலேயே தேறிவிட்டது. கால் உந்த வேண்டிய விசை 1,470-லிருந்து ஏறத்தாழ 610 நியூட்டனாகக் குறைகிறது. அந்த 6,860 ஜூலை மாடுகள் எப்போது திருப்பிக் கட்டின? வெறும் சாலோடு பின்னடி வைத்து மேடேறிய போது. ஆக, மொத்த வேலை குறையவில்லை. ஒரே நடையில் விழுந்த பளு போகும் நடைக்கும் வரும் நடைக்குமாகப் பிரிந்தது. உருளையின் உராய்வையும் குளம்பு மண்ணில் புதைவதையும் இங்கே விட்டுவிட்டோம், இரண்டும் செலவைக் கூட்டுபவை.

ஒரு சால் இறைக்க ஒரு நிமிடம் என்றால் பயனான திறன் 196 வாட், கால் குதிரைத்திறனுக்குச் சற்று மேல். 5 எச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் வந்ததும் கமலைகள் ஏன் அவ்வளவு வேகமாக மறைந்தன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேள்வி: சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு 12 மீட்டர் உயரம். 1 எச்.பி. மோட்டார் 1,000 லிட்டரை 15 நிமிடத்தில் ஏற்றுகிறது. இதற்கு எத்தனை யூனிட் ஆக வேண்டும், எத்தனை ஆகிறது? 2 எச்.பி. வாங்கினால் நேரமும் மின்சாரமும் பாதியாகுமா?
(வீட்டு உரிமையாளர், திருப்பூர்)

பதில்: ஆக வேண்டியது: 1,000 × 9.8 × 12 = 1,17,600 ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்தால் 0.033 யூனிட். ஆகிறதோ அதைப்போல எட்டு மடங்கு.

ஆகிறதை நீங்களே அளக்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3,200 என்றால், சிவப்பு விளக்கு 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட். வீட்டில் பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். 60 மின்னல்களுக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். 3,600-ஐ 60-ஆல் பெருக்கி, அதை 3,200-ஆலும் நொடியாலும் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 64 நொடி என்று வந்தால் 1.05 கிலோவாட். நல்ல நிலையிலுள்ள 1 எச்.பி. ஒற்றைக் கட்ட மோட்டார் இதை ஒட்டித்தான் இழுக்கும். கால் மணி நேரத்துக்கு 0.26 யூனிட்.

1 எச்.பி. என்றால் 746 வாட்தானே, ஏன் 1,050 என்று கேட்பீர்கள். பெயர்ப்பலகையில் உள்ள எச்.பி. மோட்டாரின் தண்டு வெளியே கொடுப்பது, மின்கம்பியிலிருந்து உள்ளே வாங்குவது அல்ல. இது தெரியாமல் கணக்குப் போட்டு மீட்டர் வேகமாக ஓடுவதாகச் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

மின்சாரத்துக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயை இப்படிப் பிரிக்கலாம். மோட்டாரின் சுருளும் இரும்பும் சூடாவதில் 29 காசு. பம்ப்புக்குள் நீர் சுழன்று கலங்குவதிலும் இடைவெளியில் கசிவதிலும் சுமார் 53 காசு. குழாய் உராய்விலும் வளைவுகளிலும் 5 காசு சொச்சம். நீர் மேலே ஏறியதற்கு 12 காசு சொச்சம். பம்ப்பின் பங்கு அதிர்ச்சி தரலாம். தானாக நீர் இழுக்கும் சிறு மோனோபிளாக்குகளின் (மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாக இணைந்தவை) பயனுறுதிறன் 25 விழுக்காடு என்பது அவற்றின் வகைக்கு இயல்பே. நீர் நிரப்பாமல் ஓடும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அது. 30 மீட்டருக்கு ஏற்ற பம்ப்பை 12 மீட்டருக்கு மாட்டினால் இன்னும் மோசம். வாங்கும்போது எச்.பி.யை மட்டும் பார்க்காமல், உங்கள் உயரத்தோடு குழாய் இழப்புக்கு ஐந்தாறு மீட்டர் சேர்த்து, அந்த உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பெட்டியில் உள்ள அட்டவணையில் பாருங்கள்.

2 எச்.பி. யோசனை வேண்டாம். நீரின் ஓட்டம் இரட்டித்தால் அதே ஒரு அங்குலக் குழாயில் உராய்வு ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும். உங்கள் குழாயில் இப்போது சுமார் 5 மீட்டர் உயரத்துக்குச் சமமான இழப்பு இருக்கிறது. அது ஏறத்தாழ 20 மீட்டர் ஆகிவிடும். அதனால் ஓட்டம் இரட்டிக்கவே இரட்டிக்காது. நேரம் கொஞ்சம் குறையும், யூனிட் கூடும். அந்தப் பணத்தில் குழாயை ஒன்றேகால் அங்குலமாக்குங்கள். அதே ஓட்டத்துக்கு இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். குழாயின் உள்விட்டம் சிறிது மாறினாலும் உராய்வு அதன் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. அதனால்தான் முக்கால் அங்குலக் குழாய் போட்டு மிச்சம் பிடிக்கும் பிளம்பரிடம் கவனமாக இருக்கச் சொல்கிறோம்.

இன்று 15 நிமிடம் ஆவது ஒருநாள் 25 ஆனால் மீட்டர் மின்னலை மறுபடி எண்ணுங்கள். கிலோவாட் மாறாமல் நேரம் மட்டும் கூடியிருந்தால் நீர்ப்பக்கம் கோளாறு. ஃபுட்வால்வில் (உறிஞ்சு குழாயின் அடி வால்வில்) குப்பை, உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்றுக் கசிவு, தேய்ந்த இம்பெல்லர் (பம்ப்பின் சுழல் சக்கரம்) என்று தேடலாம். தொட்டியில் நீர் குமிழும் நுரையுமாக விழுந்தால் காற்றுக் கசிவுதான். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பத் திணறினால் மின்பக்கம், முதலில் கெபாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: "எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 5 கிலோவாட் ஆகிறது" என்பது சரியா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: தவறு, 5 கிலோவாட்-மணி என்று சொல்ல வேண்டும். அதாவது 5 யூனிட். கிலோவாட் என்பது குழாயில் நீர் வரும் வேகம் போல, யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த நீர் போல. மின்கணக்கில் அனுமதிக்கப்பட்ட பளு கிலோவாட்டில் இருக்கும், பயன்பாடு யூனிட்டில் இருக்கும். கூரையில் வைத்த 1 கிலோவாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் 4 முதல் 5 யூனிட் தரும். விற்க வருபவர் இரண்டையும் கலந்து பேசினால் அவரிடம் வாங்கும் முன் யோசியுங்கள்.

கேள்வி: வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் ஆற்றல் ஏன் நான்கு மடங்கு? மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதற்கும் இதுதான் காரணமா?
(லாரி ஓட்டுநர், நாமக்கல்)

பதில்: இரண்டு கேள்விகள், இரண்டுக்கும் வேறு வேறு விடை. முதலில் நான்கு மடங்கு. ஒரே பிரேக் விசையால் வண்டியை நிறுத்துகிறீர்கள். வேகம் இரட்டை என்றால் நிற்க எடுக்கும் நேரமும் இரட்டை. அந்த நேரம் முழுவதும் சராசரி வேகமும் இரட்டை. இரட்டை நேரம், இரட்டை வேகம், ஆக தூரம் நான்கு மடங்கு. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை, அதுவும் நான்கு மடங்கு. 1720-களில் ஹாலந்தின் ஸ்கிராவசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரத்திலிருந்து மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பார்த்தது இதைத்தான். வேகம் இரட்டித்தபோது பள்ளம் நான்கு மடங்கானது. சூத்திரத்தில் இருக்கும் அரை என்ற எண்ணைப் பிற்பாடு 1829-இல் பிரான்சின் கொரியோலிஸ் சேர்த்தார், 'வேலை' என்ற அளவோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக.

சாலையில் இது எப்படித் தெரியும்? காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்றால் காரோ பைக்கோ 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 9 மீட்டரில் நிற்கும். 80-இல் 36 மீட்டர். மழை நனைத்த சாலையில் 16-உம் 63-உம் ஆகும். கால் பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு நொடி போனால் 40-இல் 11 மீட்டரும் 80-இல் 22 மீட்டரும் தனி. சுவரில் மோதுவதை உயரத்திலிருந்து விழுவதாக மாற்றிப் பார்த்தால், 40 கி.மீ. என்பது இரண்டு மாடி, 80 என்பது எட்டு மாடி.

மலை இறக்கத்தில் கதையே வேறு. அங்கே எதிரி வேகம் அல்ல, உயரம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே இருக்கிறது. 16 டன் லாரி இறங்கும்போது விடுபடும் நிலை ஆற்றல் கிட்டத்தட்ட 30 கோடி ஜூல், 83 யூனிட். அதே லாரி 40 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல்தான். மலையை இறங்குவது, 40-லிருந்து 300 முறை நிறுத்துவதற்குச் சமம்.

அதில் ஏறத்தாழ கால் பங்கை டயர் உருளும் எதிர்ப்பு வாங்கிக்கொள்ளும். மீதி எங்கேயாவது வெப்பமாகியே தீர வேண்டும். பிரேக் டிரம்கள் நான்கும் சேர்ந்து 200 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்தால், அவற்றை ஒரு டிகிரி சூடாக்க ஒரு லட்சம் ஜூல். 100 மீட்டர் இறங்கினால் ஒன்றரைக் கோடி ஜூலுக்கு மேல். அத்தனையும் பிரேக்குக்கே போனால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 150 டிகிரி ஏறும். காற்று குளிர்விக்கும் என்றாலும் இந்த வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது. சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது, மிதி ஆழமாகப் போகிறது. லைனிங்கின் பிடியும் தளர்கிறது. கருகல் நாற்றம் வரும்போது பாதிப் பிடி போயிருக்கும்.

ஆகவே ஏறிய கியரில் இறங்கு என்பது வெறும் பெரியவர் வாக்கு அல்ல. தாழ்ந்த கியரில் எஞ்சின் வேகமாகச் சுழன்று காற்றை அமுக்கியும் உராய்ந்தும் ஆற்றலை வாங்கி ரேடியேட்டர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியேற்றுகிறது. புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், வேகம் பிடித்த பிறகு தாழ்ந்த கியர் விழாது. பிரேக்கை விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், டிரம் ஆற நேரம் கிடைக்கும். டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் காற்று பிரேக்கின் கம்ப்ரஸரும் நின்றுவிடும், மிதிக்க மிதிக்கக் காற்றுத் தொட்டி காலியாகும். நாற்றம் வந்தால் ஓரங்கட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்துத் தானாக ஆறவிடுங்கள். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: மலையுச்சியில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். இறங்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினாலும் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் பிரேக் பலவீனமாகிவிடும்.

கேள்வி: உராய்வு செய்யும் வேலை எப்போதும் எதிர்மறைதானே?
(ஆசிரியப் பயிற்சி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. பேருந்தின் தரையில் வைத்த காய்கறிப் பையைப் பாருங்கள். பேருந்து கிளம்பும்போது பையை முன்னோக்கித் தள்ளி வேகம் கொடுப்பது தரையின் உராய்வுதான். சாலையில் நிற்பவர் பார்வையில் அது பையின் மீது செய்வது நேர்மறை வேலை. பிரேக் போடும்போது அதே உராய்வு எதிர்மறை வேலை செய்கிறது. பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கோ பை நகரவே இல்லை, வேலை சுழி. இருவருமே சரி. யாருடைய பார்வையில் என்பதையும் கேள்வித்தாளில் எழுதப் பழக்குங்கள்.

கேள்வி: ஒரு டன் செயின் பிளாக்கில் (கையால் சங்கிலி இழுத்துப் பளு தூக்கும் கருவியில்) ஒற்றை ஆள் எஞ்சினைத் தூக்குகிறார். வேலையைக் கருவி குறைத்துவிட்டதா? கையை விட்டாலும் எஞ்சின் ஏன் கீழே வருவதில்லை?
(பட்டறைத் தொழிலாளி, கோயம்புத்தூர்)

பதில்: விசையைக் குறைத்தது, வேலையைக் கூட்டிவிட்டது. 1,000 கிலோவை ஒரு மீட்டர் தூக்க 9,800 ஜூல். நீங்கள் 30 கிலோ பளுவுக்குச் சமமான இழுவை கொடுத்தால் 294 நியூட்டன். உராய்வே இல்லாத பிளாக்கிலும் 33 மீட்டர் சங்கிலி இழுத்தாக வேண்டும். பயனுறுதிறன் 75 விழுக்காடு என்றால் 44 மீட்டர். அதாவது 9,800 ஜூல் வேலைக்கு நீங்கள் சுமார் 13,000 கொடுக்கிறீர்கள்.

கையை விட்டாலும் இறங்காததற்குக் காரணம் உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டும் பல்சக்கரக் கொக்கியும். பளு தானே தட்டுகளை இறுக்கிக்கொள்ளும் அமைப்பு அது. ஆகவே துருப்பிடிக்கிறதே என்று அந்தத் தட்டில் எண்ணெய் விடாதீர்கள். சங்கிலிக்கு மட்டும் விடுங்கள். காரைத் தூக்கும் திருகு ஜாக்கியில் இன்னும் விசித்திரம்: விட்ட இடத்தில் தானே நிற்கும் திருகின் பயனுறுதிறன் 50 விழுக்காட்டுக்குக் குறைவாகத்தான் இருக்க முடியும். கொடுத்ததில் பாதிக்கு மேல் உராய்வில் போவதால்தான் வண்டி உங்கள் மேல் இறங்குவதில்லை.

கேள்வி: உயரத்திலிருந்து விழும் அருவி நீரின் ஆற்றல் கீழே வெப்பமாகிறது என்றால், குளிக்கும்போது வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமே?
(வாசகர், தென்காசி)

பதில்: வெப்பமாகத்தான் ஆகிறது, தோலுக்குத் தெரியாத அளவில். 100 மீட்டர் விழுந்தால் நீர் 0.23 டிகிரி சூடாகும், அவ்வளவே. நடுவழியில் சாரல் ஆவியாகிக் குளிர்விப்பது அதை மிஞ்சிவிடும். மான்செஸ்டர் பக்கத்து பீர் ஆலை வீட்டுப் பிள்ளை ஜேம்ஸ் ஜூல் 1840-களில் துடுப்புச் சக்கரத்தால் நீரைக் கலக்கி, எடைகள் இறங்கிய வேலைக்கும் நீர் சூடான அளவுக்கும் கணக்கு வைத்தவர். அவருக்கு வேண்டியிருந்ததும் இப்படிப்பட்ட மிகச் சிறிய வெப்ப மாற்றத்தைக் காட்டும் வெப்பமானிகள்தான்.

இதைத் தலைகீழாகப் போட்டால் வீட்டு மின்கட்டணம் புரியும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் ஆற்றல், அதே நீரை 30 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். மேலே திருப்பூர் வாசகரின் மோட்டார் இத்தனை வீணடித்தும் 1,000 லிட்டரை ஏற்ற 0.26 யூனிட்தான் ஆனது. குளிக்க 15 லிட்டர் நீரை கீசரில் 20 டிகிரி சூடாக்கினால் 0.35 யூனிட்.